உலை ஆறும்வரை

உலைக்குள் கரிப்பஞ்சை வைத்தோமா இல்லையா என்ற சந்தேகம் செண்பகவல்லிக்கு வந்தபோது, உலை ஆயிரம் டிகிரியைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. வருகிற சந்தேகம் காலையிலேயே வந்து தொலைத்திருக்கலாம். காலையில் என்றால் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்திருக்கலாம். இப்போது கழற்றினால், உள்ளே பஞ்சு இருக்குமானால், காற்றுப் பட்ட மாத்திரத்தில் பற்றிக்கொண்டு சாம்பலாகிவிடும். இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆக, வைத்திருந்தால் பார்க்கக் கூடாது, வைக்காவிட்டால் பார்த்துப் பிரயோசனமில்லை. என்ன பிழைப்பு இது என்று நொந்துகொண்டு அவள் உலைக்கு எதிரே இருந்த இரும்பு ஸ்டூலில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள், முன்னால் நகர்ந்தால் உலையின் குழாய்க்குள் தெரிந்துவிடும் என்பதுபோல. சந்தேகத்துக்குக் காரணம் தராசு மேஜை. கோயம்புத்தூரில் எந்தக் கல்லூரி என்று சொல்ல வேண்டாம், அந்தக் கல்லூரியின் ஜவுளித் துறை ஆய்வகத்தில் அன்றைக்கு ஆயுத பூஜை. ஆய்வக உதவியாளர் ஆறுச்சாமி காலையிலிருந்து எல்லா இயந்திரத்துக்கும் மாலை கட்டி, கிடைத்த மேஜையிலெல்லாம் பொரியும் பழமுமாகப் பரப்பி வைத்திருந்தார். தராசு மேஜைமேல் ஒரு பெரிய பொரிப் பொட்டலம். அந்தப் பொட்டலத்துக்குக் கீழிருந்து கறுப்பாக ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்தது. வெறும் மூலைதான். கறுப்புத் துணியாக இருக்கலாம், கார்பன் தாளாக இருக்கலாம், ஆறுச்சாமியின் குடையுறையாகக்கூட இருக்கலாம். ஆனால் செண்பகவல்லி ஆறு வருஷமாக அந்தக் கறுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெற்ற பிள்ளையைப் பின்பக்கமாகப் பார்த்தாலும் தெரியாதா.

அந்தக் கறுப்பின் கதையைச் சொல்லாவிட்டால் அவள் பதறுவதன் நியாயம் புரியாது. ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக் நூல் இருக்கிறதே, அதே சாதி பாலிமர் நூலைப் பஞ்சாக்கி, எரியவும் விடாமல் உருகவும் விடாமல் பக்குவமாகக் கரியாக்கி, அந்தக் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் கோடிக்கணக்கில் உண்டாக்கினால் அதுதான் கரிப்பஞ்சு. நாற்றம், விஷவாயு, சாயத்தண்ணீரின் சாயம், எதைக் காட்டினாலும் துளைக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளும். துளைகளின் சுவரையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு கிராமுக்குள் முப்பது சென்ட் நிலம் இருக்கும். செண்பகவல்லிக்கு இந்த உலகத்தில் வேறெங்கும் அரை சென்ட் கிடையாது. இந்த முப்பது சென்ட்டைச் சூடாக்கினால் கூடுமா குறையுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி, அதுதான் அவளுக்கும் அவளுடைய நெறியாளர் மயில்சாமி சாருக்கும் நடக்கிற வழக்கு. சார் தன்னுடைய வாலிப காலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்: சூடு ஏற ஏறக் கரியின் அடுக்குகள் ஒழுங்காகிக்கொண்டே வரும், நெருங்கும், துளை சுருங்கும், நிலம் குறையும். அவ்வளவுதான், முடிந்தது. செண்பகவல்லி சொல்வது வேறு. கடைசியில் சுருங்கும், அதை யார் மறுத்தார்கள். ஆனால் அதற்கு முன்னால், துளையின் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கிற ஆக்ஸிஜன் பிசுக்கெல்லாம் சூட்டில் கழன்று போகும். அடைபட்ட வாய் திறக்கும். நிலம் முதலில் கூடும், பிறகுதான் குறையும். எண்ணூறு டிகிரியில் கொஞ்சம் கூடியது. "அது தராசுப் பிழைங்க" என்றார் சார். ஆயிரத்து இருநூறில் குறைந்தது. "பாத்தீங்களா" என்றார். நடுவில் ஆயிரத்தில்தான் உச்சி. அந்த ஒரு புள்ளி கிடைத்தால் வரைபடம் ஏறி இறங்கும், இல்லாவிட்டால் சாரின் கட்டுரை போலவே இறங்கும். பஞ்சு தயாரித்த கம்பெனி அந்த ரகத்தை நிறுத்திவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு துண்டு, தீப்பெட்டி அகலம். ஆராய்ச்சிப் பதிவை நீட்டிக்கிற வரைக்கும் நீட்டித்தாயிற்று, இந்த வருஷத்தோடு கதவு சாத்திவிடுவார்கள். அந்தத் துண்டுதான் உலைக்குள் இருக்க வேண்டும். அந்தத் துண்டேதான், அந்த மூலையைப் பார்த்தால், பொரிக்குக் கீழேயும் இருந்தது.

நிதானமாக யோசி, செண்பகம். காலையில் என்ன செய்தாய்? பஞ்சை உலர்த்தினேன். தராசில் நிறுத்தேன். நிறுத்தேனா? நிறுத்தேன், ஏனென்றால் தராசின் கண்ணாடிக் கதவை மூடும்போது விரலில் கடித்தது, இன்னும் சிவந்திருக்கிறது. நிறுத்தபின் பஞ்சைக் கண்ணாடித் தட்டில் வைத்து, உலர்த்துகிற ஓவன் மேல் வைப்பேன். காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடக் கூடாது, ஓவனின் தலை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். தினமும் செய்கிற காரியம், கை தானாகச் செய்யும். பிறகு அங்கிருந்து எடுத்துப் படகு என்று சொல்கிற நீளப் பீங்கான் கிண்ணத்தில் கிடத்தி, படகைக் குழாய்க்குள் தள்ளி, நைட்ரஜனைத் திறந்து, அடுத்த பக்கத்துத் தண்ணீர்ப் புட்டியில் குமிழி வருகிறதா என்று பார்த்து… குமிழி இதோ இப்போதும் வருகிறது, குளு குளு குளு. காலி உலைக்கும் இப்படித்தான் குமிழி வரும், அதுதான் கஷ்டம். ஓவன் மேலிருந்து எடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வைத்ததுதான் ஞாபகம் இல்லை. நடுவில் போன் வந்தது. அம்மா. அம்மா கோவில்பட்டியில் பஸ் ஏறி, திருநெல்வேலியில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கயத்தாறு தாண்டியதும் கூப்பிட்டிருக்கிறாள். "ஏட்டி செம்பா, நா வீட்டப் பூட்டுனேனாட்டி?" கோயம்புத்தூரில் இருக்கிற மகளிடம் கேட்கிற கேள்வியா இது? "பூட்டிருப்பம்மா." "பூட்டிருப்பன்னா? பூட்டுனேனா இல்லியா, சொல்லு." "நான் எப்படிம்மா சொல்ல?" "நீ படிச்ச புள்ளதான?" இதே அம்மா எத்தனை முறை பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறாள், பூட்டைப் பார்த்த பின் அடுப்பை அணைத்தேனா என்று பூட்டைத் திறந்து உள்ளே போயிருக்கிறாள், அடுப்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மறுபடி பூட்டினேனா என்று… அந்த ரத்தம்தானே இது. அம்மாவைச் சமாதானப்படுத்திக்கொண்டே, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் ஓவன் பக்கம் போனாள். கை நீண்டது. கறுப்பாக, எடையே இல்லாமல், ஓரம் கொஞ்சம் முரமுரவென்று ஒன்று விரலில் பட்டது. பட்டதா? பட்டது காலையிலா, இல்லை ஆறு வருஷமாகப் பட்டுப் பட்டு விரலிலேயே தங்கிவிட்ட ஞாபகமா? அப்புறம் அந்த நாற்றம். உலை சூடேறும்போது தண்ணீர்ப் புட்டிப் பக்கமிருந்து ஒரு வாடை வந்தது, ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்ததுபோல. சுத்தமான பஞ்சு நாறாதே. அப்போது அதை ஆறுச்சாமி ஊறவைத்த கொண்டைக்கடலையின் தலையில் போட்டுவிட்டாள். பாவம் கொண்டைக்கடலை.

கதவு மெல்லத் திறந்தது. மயில்சாமி சார். பூஜை நாள் என்று வேட்டி கட்டியிருந்தார், தோளில் துண்டு. வந்தவர் அவளைப் பார்க்கவில்லை. ஓவனின் தலையைப் பார்த்தார். பிறகு ஓவனுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"ஆறிடுச்சுங்ளா?"

"இன்னும் இல்லீங்க சார்."

"செரி, செரி. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க." போகிற போக்கில் மேஜைக்கு அடியிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

இது மூன்றாவது தடவை. தெரிந்துவிட்டது, சாருக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருஷத்தில் சார் ஒரு நாளும் இப்படி வந்து வந்து நின்றதில்லை. அவர் நிற்கிற ஆளில்லை, நோட்டீஸ் ஒட்டுகிற ஆள். "வெட்டி மிஞ்சும் பஞ்சுத் துணுக்கை எவரும் எடுக்கக் கூடாது" என்று ஒரு நோட்டீஸ், அதற்கு முன்னால் பசங்கள் ஹெல்மெட்டுக்குள்ளும் சாப்பாட்டுப் பைக்குள்ளும் நாற்றத்துக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். "ஓவன் மேல் சாப்பாடு, துணி, காலுறை முதலியவை வைக்கக் கூடாது" என்று இன்னொன்று. கீழே பச்சை மசியில் கையெழுத்து. அவர் எதையோ மோப்பம் பிடித்திருக்கிறார். ஓவன் மேல் பஞ்சை வைக்கிற அவளுடைய பழக்கம் நோட்டீஸில் உள்ள "முதலியவை"க்குள் வருமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். வரும் போலிருந்தது. காலி உலையை நாள் பூராவும் ஓட்டிவிட்டேன் சார் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சார் திட்ட மாட்டார், அதுதான் பயம். திட்டமாட்டார், "செரி விடுங்க, எப்படியும் கொறஞ்சுதான் இருக்கும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதைவிட உலைக்குள் தலையை விடலாம். ஒரு வழி இருக்கிறது. பொரிப் பொட்டலத்தைத் தூக்கி, கீழே இருப்பதை எடுத்துத் தராசில் போட்டால் தீர்ந்தது, எடை தெரியும், காலையில் குறித்த எடையே வந்தால் துண்டும் அதுதான். எழுந்தாள். இரண்டடி வைத்திருப்பாள்.

"அம்மணி! அதுல கை வைக்காதீங்!" பக்கத்து அறையில் பூசணிக்காயைக் குடைந்துகொண்டிருந்த ஆறுச்சாமிக்கு முதுகிலும் கண். "சாமிக்கு வெச்சது. பூசை ஆகோணும்."

"தராசுல ஒரே ஒரு எடை மட்டும் பாத்துக்கறேன் அண்ணா."

"தராசையா? மாலை போட்டாச்சுங் அம்மணி. நாளைக்குக் காலைல எடுத்து வேலை செஞ்சுக்குங்க. இன்னைக்கு எல்லாத்துக்கும் லீவு. உங்க உலை ஒண்ணுதான் இன்னைக்கும் வேலை செய்யுது, அது பாவத்த யாரு கட்டிக்கறதுன்னு நானே ரோசனை பண்ணிட்டிருக்கறன்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவர் சொல்வதிலும் தப்பில்லை. உலைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்திருந்தால் இந்தப் பாடே இல்லை. சிவப்பு எண் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தால் இறங்காது, கண்ணை மூடினால் இறங்கும் என்று கண்ணை மூடிப் பார்த்தாள், மூடிய கண்ணுக்குள் அந்தப் படகு தெரிந்தது, வெள்ளையாக, சுத்தமாக, காலியாக. கல்யாணத்துக்கு ஜோடித்துப் பெண் ஏறாத கார் மாதிரி. ஏன் கல்யாணம் ஞாபகம் வருகிறது, அது வேறு. வெளியே ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், செருப்புகள் கழலும் சத்தம். மணி அடித்தது. ஆறுச்சாமி சூடத்தட்டோடு ஒவ்வொரு இயந்திரமாக வந்தார், பின்னாலேயே சந்தனக் கிண்ணம். மைக்ராஸ்கோப்புக்கு ஒரு பொட்டு, நைட்ரஜன் சிலிண்டருக்கு நெற்றி மாதிரி ஓர் இடம் பார்த்துப் பெரிய பொட்டு, உலைக்குச் சுடும் என்று தள்ளி நின்று அதன் காலில் ஒரு பொட்டு. தராசு மேஜைக்குப் போனார். கண்ணாடிக் கதவில் ஒன்று வைத்தார். பொரிப் பொட்டலத்தைத் தூக்கி, விநியோகம் செய்ய யாரிடமோ கொடுத்தார். கீழே, கண்ணாடித் தட்டில், தீப்பெட்டி அகலத்தில் கறுப்பாகச் சதுரமாக ஒன்று இருந்தது. செண்பகவல்லி எழுந்து "அண்ணா வேண்டாம்" என்பதற்குள், இதையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல மனசோடு ஆறுச்சாமி அதன் நட்டநடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டார். கரிப்பஞ்சு எதைக் காட்டினாலும் இழுத்துக்கொள்ளும். சந்தனத்தின் ஈரத்தை ஒரே உறிஞ்சலில் இழுத்துக்கொண்டது.

அதுதான். அதுவேதான். நிறுத்த துண்டைத் தவிர வேறெதுவும் அந்தத் தட்டில் இருக்க நியாயமில்லை. அப்படியானால் ஓவன் மேலிருந்து எடுத்தது? ஒன்றும் எடுக்கவில்லை. கை பழக்கத்தில் நீண்டு, பழக்கத்தில் காற்றை எடுத்து, பழக்கத்தில் காற்றைப் படகில் கிடத்தியிருக்கிறது. நாள் முழுக்க நைட்ரஜனை ஊதிக் காற்றைக் காய்ச்சியிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பின் பின்னாலேயே அழுகையும் வந்தது. பயமாக இருந்தது, இந்த ஒரு நாள் மட்டுமல்ல, ஆறு வருஷமுமே இப்படித்தானோ, வரைபடம், கட்டுரை, துளை திறக்கிறது திறக்கிறது என்று போட்ட சண்டை எல்லாமே வைக்காததை வைத்ததாக நினைத்து ஓட்டிய உலைதானோ என்று. சார் சொன்னதே சரியாக இருந்தால்? எண்ணூறு டிகிரிப் புள்ளி தராசுப் பிழையாகவே இருந்தால்? அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"செம்பா, பக்கத்து வீட்டு ராசம்மாவப் போய்ப் பாக்கச் சொன்னம்ட்டி. பூட்டு பூட்டித்தான் இருக்காம்."

"அப்பாடா. நல்லதுதானம்மா."

"என்னட்டி நல்லது? பூட்டு பூட்டிருக்கு, ஆனா கொண்டியில மாட்டாமப் பூட்டிருக்கேன். ஒரு வளையத்துல மட்டும் தொங்குதாம், கதவு பப்பரப்பேன்னு கெடக்காம்."

"ஐயோ. எதும் போச்சா?"

"என்ன இருக்கு போறதுக்கு? ராசம்மாட்ட அவ பூட்டு ஒண்ணப் போட்டுச் சாவிய வச்சுக்கிடச் சொல்லிட்டேன். இனிமேத்தான் நிம்மதியா மொய் எழுதப் போறேன். நீ சாப்பிட்டியா?"

போனை வைத்தபின் செண்பகவல்லி நெடுநேரம் உலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டு பூட்டியிருக்கிறது. கதவு திறந்து கிடக்கிறது. அம்மா செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை, இழுத்துப் பார்த்திருக்கிறாள், சாவியைப் பத்திரமாக முந்தானையில் முடிந்திருக்கிறாள். வாசலில் பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. எல்லாரும் சுண்டலும் பொரியுமாகக் கலைந்து போனார்கள். அவளுக்கும் ஒரு தொன்னை வந்தது. பசித்தது, சாப்பிட்டாள், இந்த நிலைமையிலும் கொண்டைக்கடலை ருசியாகத்தான் இருந்தது, காலையில் அதன்மேல் பழி போட்டதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டித் தரையில் விழுந்தது. சிவப்பு எண் மூன்று இலக்கத்திலிருந்து இரண்டுக்கு வந்தது. இனித் திறக்கலாம். திறக்க மனம் வரவில்லை, திறக்காதவரை பாதி நம்பிக்கையாவது இருக்கிறது. ஆனாலும் கையுறையை மாட்டிக்கொண்டு மூடியின் திருகை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கம்பிக் கொக்கியை உள்ளே விட்டு, படகின் காதில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள்.

படகு காலியாக இல்லை.

கறுப்பாக, சதுரமாக, ஒரு துண்டு. செண்பகவல்லி தராசு மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று, நெற்றியில் பொட்டோடு. படகில் ஒன்று. சின்ன இடுக்கியால் படகில் இருந்ததைத் தூக்கி வெயிலில் பிடித்தாள். அதே பஞ்சுதான், அதே ரகம். ஆனால் நான்கு ஓரத்திலும் பிரிந்து வராதபடி அடுத்தடுத்துத் தையல் போட்டிருந்தது. தைத்த நூலும் கரியாகி, தையல் மட்டும் அப்படியே நின்றது. யாரோ பொறுமையாக, சிக்கனமாக, கையால் தைத்த தையல். கரிப்பஞ்சுக்கு யார் ஓரம் அடிப்பார்கள்?

"அது…" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. "அது என்னோடதுங்க."

மயில்சாமி சார் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு ஷூ இருந்தது, ஒற்றை ஷூ.

"உங்களோடதுங்களா சார்?"

"குதிகாலுக்கு வெச்சுக்கறதுங்க. வேர்வை ஜாஸ்தி எனக்கு. கிளாஸ்ல முன் பெஞ்சு பசங்க மூக்கப் புடிக்கறானுங்க." அவர் நோட்டீஸ் ஒட்டிய சுவரைப் பார்க்காமல் இருப்பதற்காக மேலே மின்விசிறியைப் பார்த்தார். "ரெண்டு வருசம் நல்லா இழுத்துச்சு. அப்புறம் அடைஞ்சு போச்சு. காலைல அலசி ஓவன் மேல காய வெச்சனுங்க. வந்து பாத்தா காணோம். உங்களக் கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. வெட்டுன துணுக்குதானுங்க அது, சாம்பிள்ள கை வெக்கல."

செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது நிம்மதி. துண்டு பிழைத்துவிட்டது! பொரிக்குக் கீழே பத்திரமாகத் தூங்கியிருக்கிறது. அடுத்து வந்தது சிரிப்பு, அதை அடக்கியதில் காது அடைத்தது. நாளெல்லாம் அவரைப் பார்த்து இவள் நடுங்க, இவளைப் பார்த்து அவர் நடுங்கியிருக்கிறார். ஆயிரம் டிகிரியில், சுத்தமான நைட்ரஜனில், முறை தவறாமல் ஒரு குதிகால் துண்டைக் காய்ச்சி எடுத்திருக்கிறாள். சார் மெதுவாக வந்து இடுக்கியோடு அதை வாங்கினார். பழைய பழக்கம், முதலில் மூக்குக்குக் கொண்டுபோனார். முகம் மாறியது. மறுபடி முகர்ந்தார். பிறகு அதைக் கையிலிருந்த ஷூவுக்குள் போட்டு, மேலே தோள்துண்டால் மூடிக்கொண்டு, அப்படியே நின்றார். கொஞ்சநேரம் கழித்துத் தோள்துண்டை விலக்கி ஷூவுக்குள் மூக்கை விட்டார். ஐம்பத்தெட்டு வயசு, இரண்டு டாக்டர் பட்டம், ஷூவுக்குள் மூக்கு.

"வாசம் போயிருச்சுங்க" என்றார் உள்ளேயிருந்தே.

"சார்?"

"இழுக்குதுங்க. புதுசுல இழுத்தத விட நல்லா இழுக்குது." தலையைத் தூக்கினார். அவளைப் பார்க்கவில்லை, வாலிப காலத்தில் எழுதிய அந்தக் கட்டுரையை எங்கோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். "சுருங்கியிருந்தா இப்புடி இழுக்காதுங்களே. அடைப்பு கழண்டு, வாய் தொறந்திருக்குது." பிறகு, கஷ்டப்பட்டு, ஒவ்வொரு வார்த்தையாக: "நீங்க சொன்னாப்பலதானுங்க ஆயிருக்குது."

ஆறு வருஷமாக அந்த வாக்கியத்தை அவள் எத்தனையோ இடத்தில் வைத்துக் கற்பனை செய்திருக்கிறாள். கருத்தரங்க மேடையில், வாய்மொழித் தேர்வில், ஒரு தடவை கனவில் குடியரசுத் தலைவர் முன்னிலையில். ஷூ வாசலில் வைத்து ஒரு நாளும் கற்பனை செய்ததில்லை. கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கிய பிறகுதான் உலைக் கையுறை மாட்டியிருப்பது தெரிந்தது.

"மூக்கு கணக்கில்லைங்க சார். பழைய அழுக்குதான் கழண்டுச்சுன்னு நீங்களே நாளைக்குச் சொல்வீங்க. அளந்து பாக்கணும்" என்றாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"அதத்தானே நானும் சொல்ல வந்தனுங்க." அவருக்கும் பேச்சு மாறியதில் ஆறுதல். தராசு மேஜைக்குப் போய், தட்டில் இருந்த துண்டைக் குனிந்து பார்த்தார். "நாளைக்கு விஜயதசமி. புதுசா ஆரம்பிக்க நல்ல நாள். இத வெச்சு ஓட்டுங்க. பொட்ட விட்டுட்டுச் சுத்தி வெட்டிக்கலாம், அளக்கறதுக்கு அது போதும்." வாசல்வரை போனவர் நின்று, தயங்கி, இன்னும் ஷூவை மார்போடு அணைத்தபடி திரும்பினார். "ஒண்ணு மட்டும். பொட்டு வெச்ச நடுத்துண்டு மிஞ்சுமில்லீங்களா? அத யாருக்கும் குடுத்துராதீங்க. எனக்கு இன்னொரு கால் இருக்குது."